பழைய குழாயைச் சுவருக்குள் புதைக்காதீர்கள்!

சமையல் கட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா?

நல்ல காரியம். தாராளமாகச் செய்யுங்கள். வீட்டுப் பெண்கள் நாளில் பாதியை அங்கேதான் கழிக்கிறார்கள். இப்பொழுது ஆண்களும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே நுழைகிறார்கள். நல்ல பழக்கம். அந்த இடம் வெளிச்சமாக, சுத்தமாக, இடுப்பு ஒடியாமல் வேலை செய்யத் தோதாக இருக்கத்தான் வேண்டும்.

ஆனால், டைல்ஸ் கடைக்குப் போகும் முன்பு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகச் சமையல் கட்டுக்கு வருகிறது?

பலர் விழிப்பார்கள். "எங்க மாமனார் காலத்தில் போட்டது" என்பார்கள். "வீடு வாங்கும்போதே இருந்தது" என்பார்கள். இன்னும் கேட்டால் சுவரைக் காட்டுவார்கள். சுவருக்குள்ளே எங்கேயோ இருக்கிறதாம்!

நகை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியும். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியும். தினமும் குடிக்கிற தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று மட்டும் தெரியாது.

புதுச் சமையல் கட்டில் செலவு எதற்கு ஆகிறது? பளபளப்பான டைல்ஸ். கறுப்புக் கிரானைட். கண்ணாடி வைத்த அலமாரி. வளைந்த கழுத்துள்ள குழாய். எல்லாம் விருந்தாளியின் கண்ணில் படுகிறவை. சுவருக்குள் இருக்கும் பழைய இரும்புக் குழாய் மட்டும் அப்படியே கிடக்கும். அதன் மேலேயே புது டைல்ஸை ஒட்டி விடுவார்கள்.

இது தவறு என்று சொல்கிறேன். பணம் குறைவாக இருந்தால் டைல்ஸைக் குறையுங்கள். குழாயைக் குறைக்காதீர்கள்.

மலையைக் குடைந்து வந்த தண்ணீர்

தண்ணீரின் வழியை மாற்றுவது கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிய வேலை அல்ல. இந்தப் பள்ளத்தாக்கு இவ்வளவு பச்சையாக இருப்பதே அப்படி ஒரு வேலையால்தான்.

மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது பெரியாறு. அதற்கு அணை போட்டு மறித்தார்கள். மலையை ஒரு மைலுக்கு மேல் குடைந்தார்கள். தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். 1887-ம் ஆண்டு தொடங்கிய வேலை 1895-ம் ஆண்டு முடிந்தது. வேலையை நடத்திய என்ஜினீயர் பென்னிகுயிக்கின் பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளைத் தேனி மாவட்டத்து மக்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே வந்து வைகையில் கலக்கிறது. 1959-ம் ஆண்டு திறந்த வைகை அணையில் தேங்குகிறது.

அவ்வளவு தூரம், அவ்வளவு பாடுபட்டு வந்த தண்ணீர், உங்கள் வீட்டின் கடைசி இருபது அடியில் கெட்டுப் போகலாமா?

ஒரு சாண் இரும்பு

அல்லிநகரம் தேனியை ஒட்டிய ஊர். இரண்டும் சேர்ந்து ஒரே நகராட்சி. 2011-ம் ஆண்டு மக்கள் கணக்குப்படி 94 ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். தேனி, சந்தையால் பெருத்த ஊர். அல்லிநகரம் பழைய ஊர். அங்கே பழைய தெருக்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கும். ஒரு வீட்டுச் சுவரில் அடுத்த வீடு சாய்ந்து நிற்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் அடுப்படி பின்கட்டில்தான் இருக்கும். தெருக் குழாயோ முன்பக்கம். ஆகவே வீட்டுக் குழாய் என்ன செய்யும்? வாசல் சாக்கடையைத் தாண்டும். திண்ணைக்கு அடியில் நுழையும். வீட்டின் நீளம் முழுவதும் தரைக்குள் ஓடும். கடைசியில் அங்கணத்துக்குப் பக்கத்தில் தலை காட்டும்.

அப்படி ஒரு வீட்டில் அடுப்படியை இடித்துக் கட்டுகிற வேலையை நான் பார்த்தேன். சுவரைக் கொத்தியதும் பழைய குழாய் வெளியே வந்தது. குழாய் வேலை செய்யும் இளைஞர் அதைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"அக்கா, இதுல கை வச்சா மரை பிடிக்காது. உடைஞ்சிரும். முழுசா மாத்திருவோம்" என்றார் அவர்.

வீட்டுக்கார அம்மாளுக்கு மனம் இல்லை.

"ஏன் தம்பி, தண்ணிதான் வருதுல்ல? இருந்துட்டுப் போகட்டும். மேலே டைல்ஸ் ஒட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

இளைஞர் வாதாடவில்லை. ரம்பத்தை எடுத்து ஒரு சாண் நீளம் அறுத்தார். அந்தத் துண்டை அம்மாள் கையில் கொடுத்தார்.

அது அரை அங்குலக் குழாய். சுண்டு விரல் நுழையவேண்டிய இடத்தில் பென்சில் கூட நுழையவில்லை. உள்ளே முழுவதும் செங்கல் நிறத்தில் துரு. மேடும் பள்ளமுமாகக் கட்டி தட்டிப் போயிருந்தது. ஒரு பக்கத்தில் ஊசி முனை அளவு ஓட்டை.

"இதுல வந்த தண்ணியையா இத்தனை நாள் குடிச்சோம்?" என்று அம்மாள் கேட்டார். அதற்குமேல் பேச்சே இல்லை. குழாய் மாறியது.

நூறு அறிவுரையை விட அந்த ஒரு சாண் இரும்பு பெரிய வேலை செய்தது. உங்கள் வீட்டிலும் இதையே செய்யச் சொல்லுங்கள். ஒரு துண்டை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

பாதி அடைத்தால் பாதித் தண்ணீரா?

பழைய வீடுகளில் இருப்பது "ஜி.ஐ." குழாய். அதாவது, துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு இருக்கும் வரை இரும்புக்குக் கேடு இல்லை. பூச்சு கரைந்ததும் துரு பிடிக்கத் தொடங்கும். அதன் மேல் உப்பு படியும். வழி சுருங்கிக்கொண்டே போகும்.

குழாயின் வாய் பாதியாகக் குறைந்தால் தண்ணீரும் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. அரை அங்குல வழி கால் அங்குலமாகச் சுருங்கினால், தண்ணீர் போகும் இடம் நாலில் ஒரு பங்குதான். உள்ளே துரு உரசுவதால் அதிலும் குறைவாகவே தண்ணீர் வரும்.

"நகராட்சி தண்ணீர் சரியாக விடுவதில்லை" என்று சில வீடுகளில் புகார் சொல்வார்கள். எதிர் வீட்டிலோ குடம் நிமிடத்தில் நிறையும்! தெருக் குழாய் ஒன்றுதான். குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

ஆனால் தண்ணீர் குறைவாக வருவது பெரிய ஆபத்து அல்ல. அந்த ஊசி முனை ஓட்டை இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

காலிக் குழாய் உறிஞ்சும்

நம் ஊர்களில் குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வருவதில்லை. சில மணி நேரம் வரும். சில ஊர்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்.

தண்ணீர் வேகமாக வரும்போது ஓட்டை வழியாக அது வெளியே பீச்சும். வெளியே இருக்கும் அழுக்கு உள்ளே வர முடியாது. சரி. தண்ணீர் நின்ற பிறகு?

பள்ளத்தில் இருக்கும் வீட்டில் யாரோ குழாயைத் திறக்கிறார்கள். மிச்சத் தண்ணீர் அங்கே இறங்கி ஓடுகிறது. மேட்டில் உள்ள குழாய் காலியாகிறது. காலியான குழாய் சும்மா இராது. இளநீரில் குழல் போட்டு உறிஞ்சுகிறோமே, அப்படி உறிஞ்சும். அந்த நேரத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது? வாசல் சாக்கடைக்குள் இருந்தால் சாக்கடையை உறிஞ்சும். அங்கணக் குழிக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கணத் தண்ணீரை உறிஞ்சும்.

மறுநாள் தண்ணீர் வரும்போது முதலில் உங்கள் குடத்துக்கு வருவது அதுதான்.

முதல் பத்து நிமிடத் தண்ணீர் கலங்கலாக வருகிறதா? நாற்றம் அடிக்கிறதா? பிறகு தெளிகிறதா? "புதுத் தண்ணீர் அப்படித்தான்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் குழாயிலோ தெருக் குழாயிலோ ஓட்டை இருக்கலாம். உடனே பாருங்கள். அதுவரை தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

சிலர் இன்னொரு கொடுமையும் செய்கிறார்கள். நகராட்சிக் குழாயில் மோட்டாரை மாட்டி இழுக்கிறார்கள். இது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தார் தண்ணீரைத் திருடுவது. அது மட்டுமா? மோட்டார் இழுக்கும் இழுப்பில் ஒவ்வொரு ஓட்டையும் வாய் திறந்து அழுக்கைக் குடிக்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீரைத் திருடுகிறவர், சாக்கடையையும் சேர்த்துத் தன் வீட்டுக்குள் இழுக்கிறார்.

லண்டனில் நடந்தது

நல்ல தண்ணீரும் கழிவுநீரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? உலகத்துக்கு இதைக் கற்றுக் கொடுத்தது லண்டன் நகரம்.

1854-ம் ஆண்டு லண்டனில் சோஹோ என்ற பகுதியில் காலரா வந்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். காற்றில் உள்ள கெட்ட நாற்றத்தால் காலரா வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் நம்பவில்லை. எந்த வீட்டில் சாவு, அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். எல்லாத் தடமும் பிராட் தெருவில் இருந்த ஓர் அடிபம்பிடம் போய் முடிந்தது. அவர் சொன்னதன் பேரில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள்.

பிறகு அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். பம்புக் கிணற்றுக்கு மூன்று அடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி! அதன் செங்கல் சுவர் இற்றுப் போயிருந்தது. நோயில் படுத்த ஒரு குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை அந்தக் குழியில்தான் ஊற்றியிருந்தார்கள். அது கசிந்து கிணற்றில் கலந்தது.

மூன்று அடி! நம் பழைய அடுப்படிகளில் அங்கணத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அவ்வளவு தூரம் கூட இருப்பதில்லை.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1955-ம் ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் டில்லியில் சுமார் 29 ஆயிரம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. யமுனை ஆறு தடம் மாறியது. நகரத்துச் சாக்கடை, குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. அங்கே கெட்டது ஆறு. வீட்டுக் குழாய் அல்ல. ஆனாலும் கழிவுநீர் கலந்தால் என்ன கதி என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

புது வழி எது?

ஆகவே, குழாயை மாற்றினால் மட்டும் போதாது. அது போகும் வழியையும் மாற்ற வேண்டும். பழைய பள்ளத்திலேயே புதுக் குழாயைப் போட்டால் பாதி வேலைதான்.

தரைக்குள் போகவேண்டாம். சுவரோடு மேலே கொண்டு போங்கள். வாசலிலேயே குழாயைத் தரைக்கு மேல் தூக்கிவிடுங்கள். சமையல் மேடைக்குக் கீழே சுவரை ஒட்டி நடத்துங்கள். கழிவுநீர்க் குழாய் எப்பொழுதும் கீழே இருக்கட்டும். நல்ல தண்ணீர்க் குழாய் அதற்கு மேலே இருக்கட்டும். அப்பொழுது கழிவுநீர் ஒழுகினாலும் நல்ல தண்ணீர் மேல் விழாது.

சாக்கடையைத் தாண்டும் பகுதி வீட்டுக்காரரின் கையில் இல்லை. தெருக் குழாயை நீங்களாக வெட்டக்கூடாது. நகராட்சியில் மனுக் கொடுங்கள். "இணைப்புக் குழாய் சாக்கடைக்குள் கிடக்கிறது, மாற்றவேண்டும்" என்று எழுதுங்கள். அலைய விடுவார்கள் என்பது உண்மைதான். தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து போனால் அலைச்சல் குறையும்.

இப்பொழுது அநேக வீடுகளில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்று நகராட்சியின் நல்ல தண்ணீர். இன்னொன்று போர் தண்ணீர். இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து, நடுவில் ஒரு வால்வை வைத்துவிடுகிறார்கள். செலவு மிச்சமாம்! வால்வு தேய்ந்தால் போர் தண்ணீர் நல்ல தண்ணீரில் கலக்கும். உங்கள் வீட்டோடு நிற்காமல் தெருக் குழாய்க்கும் போகலாம். இரண்டையும் அடியோடு பிரியுங்கள். குடிக்கிற தண்ணீருக்குத் தனிக் குழாய். பாத்திரம் கழுவத் தனிக் குழாய்.

அடுப்படிக்கு என்று தனியாக ஒரு வால்வும் வேண்டும். கையெட்டும் இடத்தில் வேண்டும். இரவில் குழாய் பிய்த்துக்கொண்டால் மாடித் தொட்டிக்கு ஓடவேண்டியது இல்லை. வீட்டில் உள்ள சிறுவர்களுக்கும் அதைத் திருகக் கற்றுக் கொடுங்கள்.

பழைய குழாயை வெட்டிவிடும்போது இன்னொரு விஷயம். வாயில் ஒரு மூடியைப் போட்டுச் சுவருக்குள் விட்டுவிடுவார்கள். அந்தத் துண்டுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும். அங்கே கிருமி வளரும். அந்தக் கிருமி ஓடுகிற தண்ணீரில் கலக்கும். ஆகவே, பழைய குழாய் கிளை பிரியும் இடத்திலேயே வெட்டச் சொல்லுங்கள். முட்டுச்சந்து வேண்டாம்.

எண்ணைப் படியுங்கள்

கடையில் எந்தக் குழாயை வாங்குவது?

பிளாஸ்டிக் குழாய் இப்பொழுது மலிவு. துரு பிடிக்காது. குளிர்ந்த தண்ணீருக்கு வெள்ளையான யு.பி.வி.சி. போதும். வெந்நீர் போகுமானால் அது இளகிவிடும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. வாங்கவேண்டும். அது 93 டிகிரி சென்டிகிரேடு சூடு வரை தாங்கும். இரண்டுக்கும் பசை வேறு வேறு. ஒன்றின் பசையால் மற்றதை ஒட்டினால் நிற்காது.

குழாயின் மேல் எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும். கூச்சப்படாமல் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? யு.பி.வி.சி. குடிநீர்க் குழாயில் 4985 என்ற எண் இருக்கவேண்டும். சி.பி.வி.சி. குழாயில் 15778 என்ற எண் இருக்கவேண்டும். மின்சாரக் கம்பி நுழைக்கும் குழாயையும், கழிவுநீர்க் குழாயையும் குடிதண்ணீருக்குப் போடுகிறவர்கள் உண்டு. எண்ணைப் படித்தால் ஏமாற வேண்டியது இல்லை.

இரும்புக் குழாய்தான் வேண்டும் என்றால் அதன் மேல் உள்ள வண்ணப் பட்டையைப் பாருங்கள். மஞ்சள் பட்டை மெல்லியது. நீலம் நடுத்தரம். சிவப்பு கனமானது.

மலிவான பிளாஸ்டிக் குழாயில் ஈயம் கலந்திருக்குமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். காரணம் இல்லாத பயம் அல்ல. பி.வி.சி. குழாயில் ஈயக் கலப்பைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-ம் ஆண்டு விதி செய்திருக்கிறது. பெயர் இல்லாத குழாயை வாங்காதீர்கள்.

ஈயம் என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் பிளின்ட் என்ற ஊர் அனுபவித்தது. ஏறக்குறைய நம் தேனி அல்லிநகரம் அளவு ஊர்தான். 2014-ம் ஆண்டு செலவைக் குறைக்க வேறு ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். அந்தத் தண்ணீர் பழைய ஈயக் குழாய்களை உள்ளுக்குள் அரித்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. பணக்கார நாட்டில் நடந்த கதை இது! நம் வீடுகளில் உள்ள பழைய குழாய் பெரும்பாலும் இரும்பு. ஆகவே அந்தப் பயம் நமக்குக் குறைவு. குழாய் பழையதாக இருக்கும்போது தண்ணீரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

எர்த் கம்பி எங்கே?

இனிச் சொல்லப் போவது உயிர் விஷயம். இதைக் குழாய் வேலைக்காரரும் சொல்லமாட்டார். மின்சார வேலைக்காரரும் சொல்லமாட்டார். அது அவர் வேலை என்று இவரும், இது இவர் வேலை என்று அவரும் இருந்துவிடுவார்கள்.

பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது. மின்சாரம் கசிந்தால் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்தக் காலத்து ஏற்பாடு அது.

இப்பொழுது இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாயைப் போடுகிறீர்கள். பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. எர்த் அன்றைக்கே போயிற்று! யாருக்கும் தெரியாது. விளக்கு எரியும். மின்விசிறி சுற்றும். ஒரு நாள் கிரைண்டரில் மின்சாரம் கசியும். ஈரக் கையோடு அதைத் தொடுகிறவர் யார்? உங்கள் மனைவி. அல்லது அம்மா.

ஆகவே, இரும்புக் குழாயில் ரம்பம் படும் முன்பே மின்சார வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். எர்த் கம்பி எங்கே போகிறது என்று காட்டச் சொல்லுங்கள். தனியாக எர்த் குழி போடச் சொல்லுங்கள். மெயினில் கசிவுமின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச் ஒன்றும் போடச் சொல்லுங்கள். பிறகு குழாயைத் தொடலாம்.

வெளியே தெரிந்தால் அசிங்கமா?

"குழாய் சுவருக்கு வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்குமே!" என்பார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயிலில் குழாய் வெளியே தெரிகிறது. மில்லில் தெரிகிறது. மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டும்போது வெளியேதான் விடுகிறோம். நம் வீட்டில் மட்டும் வெட்கமா? சமையல் மேடைக்குக் கீழே போகும் குழாயை அலமாரிக் கதவே மறைத்துவிடும். மேலே போகும் துண்டுக்குச் சுவர் நிறத்தையே பூசுங்கள். வெயில் படும் குழாய்க்குப் பெயிண்ட் பூசுவது எப்படியும் நல்லது. பிளாஸ்டிக் குழாய் வெயிலில் நொறுங்கிப் போகும்.

வெளியே உள்ள குழாய் ஒழுகினால் அன்றே தெரியும். சுவருக்குள் ஒழுகினால் எப்பொழுது தெரியும்? பூச்சு உப்பி, டைல்ஸ் கழன்று, பக்கத்து அறையில் அரிசி மூட்டை நனைந்த பிறகு தெரியும். வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இடுக்கான அடுப்படியில் குழாய் வெளியே இருந்தால் அண்டா, குடம் இடிக்கும். அந்த இடத்தில் மட்டும் சுவருக்குள் போகட்டும். ஆனால் நேராகப் போகவேண்டும். மேலிருந்து கீழே, அல்லது இடமிருந்து வலம். குறுக்காகச் சாய்த்துப் போட்டால் பின்னால் ஆணி அடிக்கிறவருக்குக் குழாய் எங்கே என்று தெரியாது. பூசும் முன்பு அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அரை நாள் கூலி

நம்மவரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. டைல்ஸ் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவார்கள். குழாய் வேலைக்காரரிடம் அரை நாள் கூலிக்கு அரை மணி நேரம் பேரம் பேசுவார்கள். அவர் என்ன செய்வார்? சோதனை செய்யவேண்டிய நேரத்தை மிச்சம் பிடிப்பார். அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அந்த அரை நாள்தான் முக்கியம். பசை காய ஒரு நாள் விடவேண்டும். பிறகு எல்லா வாய்களையும் மூடி, கைப்பம்பால் தண்ணீரை அழுத்தி ஏற்றவேண்டும். அளவு காட்டும் முள் அசையாமல் நிற்கவேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் சுவரைப் பூசவேண்டும்.

பம்பு கிடைக்கவில்லையா? குழாயில் தண்ணீரை நிரப்பி இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் காய்ந்த செய்தித்தாளைப் போட்டு வையுங்கள். நம் நாளிதழ் அதற்கும் உதவும். காலையில் எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ அங்கே ஒழுக்கு. இது பம்பு சோதனைக்கு ஈடு ஆகாது. ஆனாலும் ஒன்றும் செய்யாமல் பூசுவதைவிட மேல்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? அவர்கள் பாடுதான் கஷ்டம். குழாய் வீட்டுக்காரருடையது. குடிக்கிற வயிறு குடித்தனக்காரருடையது. வீட்டுக்காரர் வெள்ளையடிப்பார், குழாயைத் தொடமாட்டார். வாடகை பேசும்போதே குழாயைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் பிடித்துப் பாருங்கள். நிறத்தைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: குடித்தனக்காரர் வீட்டில் காமாலை வந்தால், அதே தெருக் குழாயில்தான் நீங்களும் குடிக்கிறீர்கள்.

கடைசியாக, பழைய இரும்பு. சுவரிலிருந்து எடுத்த குழாயைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காசு யாருக்கு என்று வீட்டுக்கு வீடு தகராறு நடக்கும். வேலை செய்தவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் ஒரு அடி குழாய் கூடச் சுவருக்குள் தங்காது. தோண்டி எடுத்துவிடுவார்கள்.